டிரைவர் மாற்றிய திங்கட்கிழமை

என் வேலைக்காலத்தில் ஒரே தரவுத்தள நிறுவனம் மூன்று முறை எங்களிடம் "இனி இதுதான் வழி" என்று சொன்னது. மூன்று முறையும் வழி வேறு வேறாக இருந்தது. இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கும் இப்படிப்பட்ட அறிவிப்புகள் வரும். வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு என்னிடம் சூத்திரம் எதுவும் இல்லை. நான் என்ன செய்தேன், அதனால் யாருக்கு என்ன ஆனது என்பதை மட்டும் சொல்கிறேன். மற்றதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் எழுதி விற்றது மருத்துவமனைகளின் ரத்த வங்கிக்கான மென்பொருள். தானமாக வரும் ஒவ்வொரு ரத்தப் பைக்கும் ஓர் எண் உண்டு. அது என்ன வகை, எந்தெந்தப் பரிசோதனை முடிந்தது, எந்த நோயாளிக்குப் போனது என்பதெல்லாம் அந்த எண்ணின் கீழ் பதிவாகும். அந்தப் பதிவுகள் தரவுத்தளத்தில் இருக்கும். எங்கள் நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே டிரைவர் என்று ஒரு சின்ன நிரல் உட்கார்ந்திருக்கும். நாம் கேட்பதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்து, அங்கிருந்து வருவதை நமக்குக் கொண்டுவந்து தரும். அது எந்த முறைப்படி பேச வேண்டும் என்று விதி வகுப்பது தரவுத்தளத்தை விற்கிற நிறுவனம்தான். நம் கையில் இல்லை.

முதல் முறை அவர்கள் திசை மாறியபோது நான் சின்னப் பெண். எல்லோருக்கும் பொதுவாக இருந்த முறையை விட்டுவிட்டுத் தங்களுடைய புது முறைக்கு வரச் சொன்னார்கள். "அறிவிப்புதானே, பார்த்துக்கலாம்" என்று நான் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு வருடத்தில் அவர்களுடைய நல்ல வசதிகள் எல்லாம் புது முறையில் மட்டுமே வேலை செய்தன. நாங்கள் அடித்துப் பிடித்து ஒரு வருடம் ஓடினோம். குரோம்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோம், என் முதல் வாடிக்கையாளர், எங்களுக்காகக் காத்திருக்காமல் வேறொருவரிடம் போய்விட்டது. அந்த அவமானம் எனக்குள் பல வருடம் இருந்தது.

இரண்டாவது முறை நான் குழுத் தலைவி. அலுவலகம் சிறுசேரிக்கு மாறியிருந்தது. ஒரு நாள் காலை அறிவிப்பு வந்தது. எந்தப் புது முறைக்கு எங்களை இழுத்தார்களோ அதைக் கைவிடப் போகிறார்களாம். எல்லோரும் மறுபடி பழைய பொது முறைக்கே போக வேண்டுமாம்.

"மேடம், பாத்தீங்களா? யூ-டர்ன் போட்டுட்டாங்க" என்று கேன்டீனில் ஒரு பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த முறை நான் பிந்தப் போவதில்லை என்பது மட்டுமே மனதில் ஓடியது. அன்று மதியமே எங்கள் கம்பெனி இயக்குநரின் அறைக்குப் போய், ஆறு மாதத்தில் எல்லா மருத்துவமனைகளையும் மாற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யாரும் என்னிடம் கேட்காத வாக்குறுதி அது.

எங்கள் மென்பொருள் சோதனைப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் பிரேமா. அதிகம் பேசமாட்டார். பேசினால் காரணம் இருக்கும். முதல் மூன்று மருத்துவமனைகளில் மாற்றுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது என் மேசைக்கு வந்து நின்றார்.

"மேடம், இப்போ நாம ஓட்டற முறைக்கு இன்னும் பல வருஷம் சப்போர்ட் இருக்குன்னு அவங்களே எழுதியிருக்காங்க. நமக்கு என்ன அவசரம்?"

"எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சுதானே பிரேமா?"

"நாம உருவாக்குன டேட்டாவுல பண்ணியாச்சு. அவங்க லேப் மெஷின்லேர்ந்து வர்ற டேட்டாவுல பண்ணல. ரெண்டு வாரம் குடுங்க. நான் தாம்பரம் ஹாஸ்பிடல்லயே உக்காந்து பழசு, புதுசு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓட்டிப் பாக்கறேன்."

"ஹாஸ்பிடலுக்கெல்லாம் லெட்டர் போயாச்சு பிரேமா. தேதி குடுத்தாச்சு" என்றேன்.

கடிதத்தை எழுதியது நான்தான். தேதியைப் போட்டதும் நான்தான். இன்னொரு கடிதம் எழுத அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. பிரேமா திரும்பிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மருத்துவமனைகளிலும் பொது முறையில் பேசும் புது டிரைவரைப் போட்டோம். எல்லாம் ஓடியது. இன்னும் சொல்லப்போனால் வேகமாகவே ஓடியது. நான் சேலையூரில் என் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் கண்டிகையைத் தாண்டும்போது போன் அடித்தது. தாம்பரம் மருத்துவமனையின் ரத்த வங்கியில் டெக்னீஷியனாக இருந்த ஸ்டெல்லா. கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வருபவர். எட்டரைக்கு ஷிஃப்டுக்கு வந்தால் கைப்பையை மாட்டும் முன்பே குளிர்பெட்டியைத் திறந்து பார்க்கிற ஆள்.

"மேடம், நேத்து ரத்ததான கேம்ப்ல எடுத்த பை எல்லாம் கம்ப்யூட்டர்ல 'வழங்கலாம்'னு காட்டுது."

"அதுக்கென்ன ஸ்டெல்லா?"

"கேம்ப்ல குரூப் பாத்ததோட சரி, நான் இன்னும் நோய் டெஸ்ட்டே போடல மேடம். சாம்பிள் எல்லாம் ராக்ல அப்படியே இருக்கு."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்தபோது பஸ்ஸின் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. முதலான பரிசோதனைகள் எல்லாம் முடிந்து, எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஒரு பைக்கு 'வழங்கலாம்' என்று வர வேண்டும்.

"ஏதாவது வெளியே போச்சா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு போயிருக்கு மேடம். பிரசவ வார்டுக்கு. காலைல ஏழு மணிக்கு ஓ நெகடிவ் அவசரமா கேட்டிருக்காங்க. ஸ்டாக்ல வேற இல்ல. ஷிஃப்டுல இருந்தவரு ஸ்கிரீனைப் பாத்துட்டுக் குடுத்துட்டாரு. நான் வார்டுக்குப் போன் பண்ணிட்டேன். ஏறி முடிஞ்சிடுச்சாம். மீதிப் பையை எல்லாம் எடுத்து கீழ்த்தட்டுல போட்டு டேப் ஒட்டிட்டேன்."

பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். எதிர்ப்பக்கம் போய் ஓர் ஆட்டோவைப் பிடித்துத் தாம்பரம் என்றேன். போகும்போதே பிரேமாவை அழைத்தேன்.

"மூணு இடத்துலயும் நிறுத்திடுங்க. காகிதத்துல எழுதிக்கச் சொல்லுங்க. எந்தப் பையைக் குடுத்தாலும் பரிசோதனைச் சீட்டைக் கண்ணால பாத்துட்டுக் குடுக்கணும்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் நீங்களே சொல்லுங்க. நேத்து மதியத்துலேர்ந்து போன பை எல்லாத்தையும் சரிபாக்கச் சொல்லுங்க."

பிரேமா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "சரி மேடம்" என்று வைத்துவிட்டார். "நான் அப்பவே சொன்னேனே" என்று அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

அடுத்து இயக்குநர் அழைத்தார். "ஒரு இடத்துல பிரச்சினைன்னா ஒரு இடத்தை மூடுங்க. மூணையும் ஏன் மூடறீங்க? மத்த ரெண்டு பேரும் நல்லா ஓடுதுன்னுதான சொல்றாங்க?"

"தாம்பரத்துலயும் அரை மணி முன்னாடி வரைக்கும் நல்லா ஓடுதுன்னுதான் சொன்னாங்க சார்."

மூடியது சரியான முடிவா என்று அப்போது எனக்கு உறுதியாகத் தெரியாது. எங்கே தவறு என்றே தெரியாதபோது, எங்கே தவறு இல்லை என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. அவ்வளவுதான் என் கணக்கு. அன்று நான் யோசித்து எடுத்த முடிவுகளில் இது ஒன்றுதான் உருப்படியானது.

மருத்துவமனையில் ஸ்டெல்லா அந்தப் பையின் மாதிரியைத்தான் முதலில் இயந்திரத்தில் வைத்திருந்தார். முடிவு வர மதியம் ஆகும் என்றார். மற்ற இரண்டு மருத்துவமனைகளிலும் பரிசோதிக்காத பை எதுவும் வெளியே போகவில்லை என்று பிரேமா தகவல் சொன்னார். ஆக ஒரு பை. ஒரு பெண். முதல் நாள் இரவுதான் குழந்தை பிறந்திருந்தது. ரத்தப்போக்கு நிற்காமல் காலையில் ரத்தம் ஏற்றியிருந்தார்கள். அந்த ரத்தம் இல்லாவிட்டால் அவள் பிழைத்திருப்பாளா என்பதும் சந்தேகம்தான். அவள் பெயரை நான் சொல்லப் போவதில்லை.

தாழ்வாரத்தில் நிற்கும்போது இயக்குநர் மறுபடி அழைத்தார். இந்த முறை குரல் தணிந்திருந்தது. "ரிசல்ட் மத்தியானம் வந்துடும்ல? நெகடிவா இருந்தா யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாமே. வீணா அவங்களையும் ஏன் பயமுறுத்தணும்?"

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அது கருணை மாதிரியும் இருந்தது, எனக்கு வசதியாகவும் இருந்தது. போனைக் காதில் வைத்தபடி பதில் சொல்லாமல் நின்றேன்.

அப்போது ஸ்டெல்லா கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். "மேடம், டாக்டர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

சொல்வதா வேண்டாமா என்று அவர் கேட்கவே இல்லை. யார் சொல்வது என்று மட்டும்தான் கேட்டார். நான் போனைத் துண்டித்துவிட்டு, "நான் சொல்றேன்" என்றேன்.

ரத்த வங்கி டாக்டர் முழுவதையும் கேட்டார். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "புருஷன் வெளியேதான் இருக்காரு. வாங்க, ரெண்டு பேரும் போவோம்" என்றார்.

கணவர் திருநீர்மலைக்காரர். லோடு வண்டி ஓட்டுபவர். பிரசவ வார்டுக்கு வெளியே பெஞ்சில் பிளாஸ்க்கும் கையுமாக உட்கார்ந்திருந்தார். டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் குறுக்கிட்டார்.

"இன்னா சார் சொல்றீங்கோ? டெஸ்ட்டு பண்ணாத ரத்தத்தையா ஏத்துனீங்கோ?"

"இப்போ டெஸ்ட் ஓடிட்டு இருக்கு. மத்தியானம் தெரிஞ்சிடும். கம்ப்யூட்டர் தப்பாக் காட்டிடுச்சு."

"இவங்க யாரு?"

"நான்தான் அந்த கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதினவ" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். டாக்டர் போன பிறகும் நான் போகவில்லை. அதே பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தேன். போவதற்கு எனக்கு இடமும் இல்லை.

அந்த நேரத்தில் பிரேமா சிறுசேரியிலிருந்து காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார். பரிசோதிக்கும் முன்பே ஒரு மாதிரியின் எண்ணை இயந்திரத்தில் பதிவு செய்வார்கள்; அப்போது அது முடிவுக்கான இடத்தை, ஸ்பேஸ் தட்டியதுபோல, வெறும் இடைவெளிகளால் நிரப்பிவைக்கும். பழைய டிரைவர் அந்த இடைவெளிகளைத் தள்ளிவிட்டு, "இங்கே ஒன்றுமில்லை" என்று எங்களிடம் சொல்லும். புது டிரைவர் இருப்பதை இருப்பதுபோலவே, இடைவெளிகளாகவே கொண்டுவந்து கொடுத்தது. அதன் மேல் தவறே இல்லை. தவறு எங்கள் நிரலில் இருந்தது. அதில் எழுதியிருந்த விதி இதுதான்: முடிவு எதுவும் இல்லை என்றால் காத்திரு. நோய் இருக்கிறது என்றால் நிராகரி. மற்றபடி எதுவானாலும் 'வழங்கலாம்'. அந்த 'மற்றபடி' வரியைப் பல வருடம் முன்பு எழுதியது நான்.

ஒரு மணி நேரம் கழித்து அந்தக் கணவர் என் பக்கம் திரும்பினார்.

"கம்ப்யூட்டருக்கு எப்டிம்மா தெரியாம பூடுச்சு?"

என்னால் முடிந்த அளவு எளிமையாகச் சொன்னேன். முடிவு இன்னும் வரவில்லை என்பது அதற்குப் புரியவில்லை, வேறு எதையோ பார்த்துக் குழம்பிவிட்டது என்றேன்.

"சரி, பிரியல. பிரியலன்னா தெர்லன்னு சொல்லணும்ல? ஓகேன்னு எதுக்கு சொல்லிச்சு?"

எத்தனையோ நிபுணர்கள் எங்கள் நிரலைத் தணிக்கை செய்திருக்கிறார்கள். அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. "அது என் தப்புங்க" என்றேன்.

"உங்க வூட்டு ஆளா இருந்தா இப்டி வுட்டுருப்பீங்களா?"

கேட்டுவிட்டு அவர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டரை மணிக்கு ஸ்டெல்லா கையில் காகிதத்தோடு ஏறக்குறைய ஓடிவந்தார். தூரத்திலிருந்தே, "எல்லாமே நெகடிவ் அண்ணா! ஒண்ணுமில்ல, நல்ல ரத்தம்" என்றார். அந்தக் கணவர் முகத்தை மூடிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய்விட்டார். நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே மூன்று இடத்திலும் பழைய டிரைவரை மாட்டினோம். அந்த வாரம் முழுக்க பிரேமாவும் நானும் நிரலை வரிவரியாகப் படித்தோம். எல்லாப் பரிசோதனைக்கும் 'நோய் இல்லை' என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டுமே பை வெளியே போகும், வேறு எது வந்தாலும் போகாது என்று மாற்றினோம். நடந்ததை ஒளிக்காமல் எழுதி மூன்று மருத்துவமனைகளுக்கும் அனுப்பக் கடிதம் தயார் செய்தேன். இயக்குநர் சில நாள் என்னிடம் பேசவில்லை. பிறகு ஒரு திருத்தமும் செய்யாமல் அதில் கையெழுத்துப் போட்டார். அந்த மனிதரைப் பற்றி நான் அவசரப்பட்டு வேறு மாதிரி நினைத்திருந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆறு மாதம் முடிவதற்குள் மூன்றாவது அறிவிப்பு வந்தது. வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டதால் தங்களுடைய சொந்த முறையைக் கைவிடும் எண்ணத்தை விட்டுவிட்டார்களாம். அதற்கே மெருகேற்றிய புது டிரைவர் வரப்போகிறதாம்.

அலுவலகத்தில் ஒரே சிரிப்பு. யாரோ சமோசா வாங்கிவந்தார்கள். "மேடம், நாம பழசுக்கே திரும்புனது எவ்ளோ கரெக்டாப் போச்சு பாருங்க!" என்றான் முன்பு கேன்டீனில் சிரித்த அதே பையன். அவனை நான் குறை சொல்லவில்லை. கணக்குப்படி நாங்கள் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தோம். ஆனால் நாங்கள் அங்கே வந்து சேர்ந்தது முன்யோசனையால் அல்ல என்பது அந்த அறையில் பிரேமாவுக்கும் எனக்கும் தெரியும். சமோசாவை எடுத்துக்கொள்ளாமல் பிரேமா தன் இருக்கைக்குப் போனார். நானும் போனேன்.

அந்த நிறுவனத்தை நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அவர்களுக்கு அவர்களுடைய வியாபாரம், அவர்களுடைய காரணங்கள். மனதை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. பல வருடம் அவகாசமும் கொடுத்திருந்தார்கள். என் அவசரத்தை அவர்கள் எனக்குக் கொடுக்கவில்லை. பழைய அவமானம் ஒன்றைத் துடைக்க நான் ஓடினேன். ஓட்டத்தில் குறுக்கே நின்று இரண்டு வாரம் கேட்டவரை ஒதுக்கிவிட்டுப் போனேன். உங்களிடமும் யாராவது இரண்டு வாரம் கேட்டு வருவார்கள். அவர்கள் கேட்பதை முழுசாகக் கேளுங்கள்.

சமோசா தின்ற அதே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஸ்டெல்லா போன் செய்தார். "மேடம், அந்தப் பொண்ணு இன்னிக்கு ரிசல்ட் வாங்க வருது. சொல்லச் சொன்னீங்களே."

மருத்துவ ரீதியாக மறுபடி ஒரு பரிசோதனைக்குத் தேவையே இருக்கவில்லை. மற்ற பைகளுக்குச் செய்கிற அதே பரிசோதனைதான் அந்தப் பைக்கும் செய்யப்பட்டது, என்ன, கொஞ்சம் பின்னால் செய்யப்பட்டது. ஆனாலும் அவர்கள் மனநிம்மதிக்காக ஆறு மாதம் கழித்து ஒருமுறை இலவசமாகப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நான் போனபோது அவள் ரத்த வங்கி வாசலில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். கையில் கவர். பிரித்துப் படித்துவிட்டிருந்தாள் என்று முகத்திலேயே தெரிந்தது. ஸ்டெல்லா என்னை அறிமுகப்படுத்தினார். அவளுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும்.

"எங்க வூட்டுக்காரு சொன்னாரு உங்களப் பத்தி. மத்தியானம் வரைக்கும் கூடவே குந்திகினு இருந்தீங்களாமே."

"ஆமாம்மா. ரொம்ப மன்னிப்பு கேட்டுக்கறேன்."

"ஒண்ணுமில்லன்னு அப்பவே டாக்டரு சொல்லிட்டாரு. நெறைய வாட்டி சொன்னாரு. ஆனா எனக்கு மனசு கேக்கல. மொத மாசம் பாப்பாக்குப் பால் குடுக்கவே பயந்துகினு இருந்தேன். பாட்டில் பால்தான்." குழந்தையின் முதுகைத் தடவினாள். "ஆபீஸ்ல உங்களுக்கு எல்லாம் சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சும்மா."

"எப்போ?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "அன்னிக்கு சாயங்காலமே" என்றேன்.

அவள் தலையாட்டினாள். கோபமெல்லாம் இல்லை. கவரை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"எனக்கு இன்னிக்கித்தான்" என்றாள்.